பயப்பட வேண்டியது எந்த ஸ்டீராய்டுக்கு?

(ஜொகூர் பாருவில் நடந்த தொலைக்காட்சி மன்றத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மன்றப் பதிவின் தொடக்கத்தில் அரங்கில் இருந்தவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். "வீட்டில் மூக்கு அலர்ஜி உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றேன். பாதிப் பேருக்கு மேல் தூக்கினார்கள். "டாக்டர் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே கொடுத்தாரா?" என்றேன். நிறைய கைகள் அப்படியே நின்றன. "அதை இன்றைக்கும் ஒழுங்காக அடிக்கிறவர்கள் யார்?" என்று கேட்டதும் கைகள் ஒவ்வொன்றாக இறங்கிவிட்டன. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "அதுல ஸ்டீராய்டு இருக்காமே, தங்கச்சி!" என்றார். அரங்கமே தலையாட்டியது.

அந்தத் தலையாட்டல்தான் இந்த உரைக்குக் காரணம். நான் மருத்துவர் அல்ல. படித்தது மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா, செய்வது அறிவிப்பாளர் வேலை. ஆனால் மூக்கு அலர்ஜி எங்கள் குடும்பச் சொத்து! எனக்கு உண்டு, அக்கா மகனுக்கு உண்டு, குளுவாங்கில் இருக்கும் அம்மாவுக்கும் உண்டு. ஸ்டீராய்டு என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் மூன்று விதமாகத் தவறு செய்தோம். அதன் பிறகுதான் நான் மருத்துவர்களையும் மருந்தாளர்களையும் தேடிப்போய்க் கேட்டேன், படித்தேன். எங்கள் வீட்டில் பட்ட பிறகு வந்த அறிவு, உங்கள் வீட்டில் படாமலே வரட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

மூக்கில் நடப்பது என்ன?

காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, அரிக்கும் கண், இரவில் அடைத்துக்கொள்ளும் மூக்கு... இதைப் பலர் "சளிப் பிடிச்ச உடம்பு" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். சளிக்காய்ச்சல் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். மாதக் கணக்கில் போகாமல் நிற்பது பெரும்பாலும் ஒவ்வாமை.

நம் நாட்டில் இதற்கு முதல் காரணம் வீட்டுத் தூசியில் வாழும் உண்ணிகள். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சிகளுக்கு வெப்பமும் ஈரக்காற்றும்தான் சொர்க்கம். ஜொகூரில் ஆண்டு முழுவதும் இரண்டுக்கும் பஞ்சமில்லை. மெத்தை, தலையணை, துணி சோபா, பிள்ளைகளின் பொம்மை ஆகியவற்றில் இவை குடியிருந்து, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று வாழும். இவற்றின் கழிவில் உள்ள புரதம் நம் மூக்கில் போய் ஒட்டும்போது, உடம்பு அதை எதிரி என்று நினைத்துப் போர் தொடுக்கிறது. மூக்கின் உள்சவ்வு வீங்குகிறது, நீர் சுரக்கிறது, தும்மல் வருகிறது. படுக்கையை விட்டு எழும் நேரத்தில் தும்மல் அதிகமாக வருவதும் இதனால்தான்.

புகைமூட்டத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2013 ஜூன் 23-ஆம் தேதி மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டதும், மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதும் ஜொகூர்க்காரர்களுக்கு மறக்காது. அந்தப் புகை எல்லாருடைய மூக்கையும் எரிய வைத்தது. அது எரிச்சல், ஒவ்வாமை அல்ல. ஆனால் ஏற்கெனவே ஒவ்வாமையால் வீங்கியிருக்கும் மூக்கில் புகையும் சேர்ந்தால், வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிய கதைதான்.

இந்த வீக்கத்தை அடக்குவதற்குத்தான் ஸ்டீராய்டு ஸ்பிரே. தும்மல் மாத்திரை அரிப்பையும் ஒழுகலையும் நன்றாகக் குறைக்கும். அடைப்பில் அதன் பலன் குறைவு. நாள்பட்ட மூக்கடைப்புக்கு ஸ்பிரேதான் கூடுதலாக வேலை செய்கிறது. அதனால்தான் டாக்டர்கள் அதை எழுதித் தருகிறார்கள்.

பயம் எங்கிருந்து வந்தது?

மக்களின் பயம் வெறும் வதந்தி அல்ல, அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டு வாதத்தால் முடங்கிக் கிடந்த ஓர் இளம் பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார்! உலகமே அதை அதிசய மருந்து என்றது. அதற்காக 1950-இல் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதிக அளவில் நீண்ட நாள் போட்டுக்கொண்டவர்களுக்கு முகம் நிலா போல வட்டமானது, சர்க்கரை ஏறியது, எலும்பு தேய்ந்தது, கண்ணில் புரை வந்தது. "ஸ்டீராய்டு" என்றால் இன்றைக்கும் நம் மனதில் வருவது அந்தப் படம்தான்.

மருத்துவர்களும் இதைக் கண்டு பயந்தவர்களே. உடம்பு முழுவதும் போகாமல், வீங்கிய இடத்தில் மட்டும் வேலை செய்யும் மருந்து வேண்டும் என்று தேடினார்கள். பெக்லோமெத்தசோன் என்ற மருந்தை மூக்கில் அடித்தால் ஒவ்வாமை அடங்குகிறது என்ற ஆய்வு 1973-இல் வெளிவந்தது. அதன் பின் புடெசோனைடு, ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன் என்று வரிசையாக வந்தன. உடம்பு வளர்க்க ஜிம்மில் சிலர் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு வேறு. பெயரில்தான் ஒற்றுமை, இது அந்த வகையே அல்ல.

அளவைப் பாருங்கள். ஃபுளூட்டிகசோன் புரோப்பியோனேட் ஸ்பிரேயில் ஒரு முறை அடித்தால் 50 மைக்ரோகிராம். பெரியவர்கள் ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு முறை அடித்தால் ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம். பிரெட்னிசோலோன் மாத்திரை ஒன்று 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்து என்பதால் எடையை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது. உடம்பின் இரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூக்கில் அடித்த ஃபுளூட்டிகசோன் புரோப்பியோனேட்டில் இரத்தத்தில் சேர்வது 100-க்கு 2 பங்குக்கும் குறைவு. மொமெட்டசோன் 1 பங்குக்கும் கீழே. புடெசோனைடு ஏறக்குறைய 34 பங்கு, பழைய பெக்லோமெத்தசோன் ஏறக்குறைய 44 பங்கு. ஆக, எல்லா ஸ்பிரேயும் ஒன்றல்ல. உங்கள் கையில் இருப்பது எது என்று பெயரைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் மூக்கில் வந்த இரத்தம்

இனி பக்க விளைவுகளுக்கு வருவோம். முதல் தவறு என்னுடையது.

ஒரு நாள் பதிவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஒப்பனை எல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தேன். மூக்கிலிருந்து இரத்தம் வழிந்து புடவையில் சொட்டியது. ஸ்பிரே அடிக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. "பார்த்தியா, ஸ்டீராய்டு வேலையைக் காட்டுது" என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நானும் அப்படியே நம்பி மறுநாளே நிறுத்திவிட்டேன்.

பிறகு ஒரு மருந்தாளர் என்னிடம், "எப்படி அடிக்கிறீங்க, என் முன்னால அடிச்சுக் காட்டுங்க" என்றார். வலது கையால் வலது துவாரத்தில், நேராக மேலே, நுனி நடுவில் சாய்ந்தபடி அடித்துக் காட்டினேன். "அங்கதான் தப்பு" என்றார்.

இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்புச் சுவரின் முன்பகுதியில் மெல்லிய இரத்தக் குழாய்கள் வலை போலப் பின்னியிருக்கின்றன. பெரும்பாலான மூக்கு இரத்தம் அங்கிருந்துதான் வரும். நான் தினமும் அந்த இடத்தைக் குறிபார்த்து அடித்துக்கொண்டிருந்தேன்!

மூக்கில் இரத்தம், வறட்சி, எரிச்சல், தும்மல், தொண்டைக் கரகரப்பு, தலைவலி, வாயில் ஒரு மாதிரி சுவை... இவைதான் இந்த ஸ்பிரேக்களின் பொதுவான பக்க விளைவுகள். அமெரிக்க மருந்து விளக்கத் தாளில் ஒரு கணக்கு உண்டு. ஃபுளூட்டிகசோன் அடித்தவர்களில் 6.9 விழுக்காட்டினருக்கு மூக்கில் இரத்தம் வந்தது. மருந்தே இல்லாத வெறும் திரவம் அடித்தவர்களிலும் 5.4 விழுக்காட்டினருக்கு வந்தது. மொமெட்டசோனில் 11 விழுக்காடு, வெறும் திரவத்தில் 6 விழுக்காடு. அதாவது மருந்தால் கூடுதலாக வருவது உண்மை. ஆனால் வருவதெல்லாம் மருந்தால் மட்டும் வருவதல்ல. அலர்ஜி உள்ள மூக்கை நாம் தேய்ப்பதும் குடைவதும் சிந்துவதும் ஒரு காரணம்.

அரிதாக, பல காலம் தவறாக அடித்தால், நடுச்சுவரில் புண்ணாகி ஓட்டையே விழலாம். மூச்சு விடும்போது மூக்கில் விசில் போலச் சத்தம் கேட்டாலோ, அடிக்கடி பொருக்கு கட்டினாலோ ஸ்பிரேயை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பாருங்கள்.

சரியாக அடிப்பது எப்படி?

1. முதலில் மூக்கை மெதுவாகச் சிந்துங்கள். உப்பு நீரால் கழுவுவது இன்னும் நல்லது. கழுவும் நீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே விடக் கூடாது.

2. பாட்டிலைக் குலுக்குங்கள். புதிய பாட்டில் என்றாலும், பல நாள் அடிக்காமல் வைத்திருந்தாலும், தாளில் சொன்னபடி காற்றில் சில முறை அடித்துச் சாரல் சீராக வருகிறதா என்று பாருங்கள்.

3. தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள். கொஞ்சம் முன்னால் குனியுங்கள்.

4. இடது துவாரத்துக்கு வலது கை, வலது துவாரத்துக்கு இடது கை. இப்படிக் கையை மாற்றினால் நுனி தானாகவே நடுச்சுவரை விட்டு விலகி, அதே பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கி நிற்கும்.

5. அடிக்கும்போது மென்மையாக மூச்சை இழுங்கள். "சர்ர்" என்று உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். அது வீண்தான்.

6. நுனியைத் துடைத்து மூடுங்கள். ஒருவர் பாட்டிலை இன்னொருவர் பயன்படுத்த வேண்டாம்.

கையை மாற்றியதும் எனக்கு இரத்தம் நின்றது. சில ஸ்பிரேக்களில் ரோஜா மாதிரி ஒரு வாசனை வரும், சிலவற்றில் பதப்படுத்தி எரிச்சல் தரும். அது பிடிக்கவில்லை என்றால் நிறுத்த வேண்டியதில்லை, வேறு வகை கேளுங்கள்.

இன்னொன்று, பொறுமை! இது அடித்த உடனே மூக்கைத் திறக்கும் மருந்து அல்ல. பலன் தெரிய அரை நாள் ஆகலாம், முழுப் பலனுக்கு ஓரிரு வாரம் தினமும் அடிக்க வேண்டும். இரண்டு நாள் அடித்துவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று வைத்துவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

பிள்ளை வளர்த்தியை நிறுத்துமா?

அரங்கில் மாசாயிலிருந்து வந்த ஒரு தாய் இந்தக் கேள்வியைக் கேட்டார். நியாயமான கேள்வி. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், 6 முதல் 9 வயது வரையிலான 100 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு பெக்லோமெத்தசோன் ஸ்பிரேயை நாளுக்கு இருமுறை ஓராண்டு கொடுத்தார்கள். மருந்து அடித்த பிள்ளைகள் சராசரி 5.0 சென்டிமீட்டர் வளர்ந்தார்கள், மருந்தில்லாத திரவம் அடித்தவர்கள் 5.9 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்! அதற்கு முன்பே, 1998-இல், இவ்வகை மருந்துகளின் தாளில் வளர்ச்சி பற்றிய எச்சரிக்கையைச் சேர்க்கும்படி அமெரிக்க மருந்துத் துறை சொல்லிவிட்டது.

அதே 2000-ஆம் ஆண்டில் மொமெட்டசோனை வைத்து 3 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம் ஓராண்டு ஆய்வு நடந்தது. அதில் வளர்ச்சி குறையவில்லை. 2014-இல் ஃபுளூட்டிகசோன் ஃபியூரோவேட் ஆய்வில் ஆண்டுக்கு 0.27 சென்டிமீட்டர் குறைந்தது. பிள்ளைகளுக்கு வழக்கமாகத் தொடங்கும் அளவைப் போல் இரண்டு மடங்கு கொடுத்தபோது கிடைத்த கணக்கு அது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். பயந்து நிறுத்த வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அடிக்கவும் வேண்டாம். இரத்தத்தில் குறைவாகச் சேரும் வகையை, நோயை அடக்கும் மிகக் குறைந்த அளவில், வயதுக்கு ஏற்றதா என்று கேட்டு அடியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுவரில் கோடு போட்டு உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். வளர்ச்சி மந்தமானால் டாக்டரிடம் அந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

யார் முன்கூட்டியே சொல்ல வேண்டும்?

பெரும்பாலானவர்களுக்கு இந்த ஸ்பிரே உடம்பு முழுவதையும் பாதிப்பதில்லை. ஆனால் கீழே உள்ளவர்கள் டாக்டரிடம் வாய் திறந்து சொல்லியே ஆக வேண்டும்:

கண் அழுத்த நோய் அல்லது கண் புரை உள்ளவர்கள், குடும்பத்தில் அது இருப்பவர்கள். நீண்ட நாள் அடித்தால் கண் பரிசோதனை அவசியம். பார்வை மங்கினால் காத்திருக்க வேண்டாம்.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர், தோலுக்கு ஸ்டீராய்டு களிம்பு என்று ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்கள். ஒவ்வொன்றும் சிறிய அளவுதான். ஆனால் சிறு துளி பெருவெள்ளம். மூன்று டாக்டர் மூன்று மருந்து கொடுத்திருந்தால், மூன்றையும் ஒரே பையில் போட்டு ஒருவரிடம் காட்டுங்கள்.

எச்.ஐ.வி.க்கான ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் மருந்துகள், அல்லது இட்ராகோனசோல், கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சைக்கான மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள். இவை ஈரலில் ஸ்டீராய்டு கரைவதைத் தடுத்துவிடும். அப்போது மூக்கில் அடித்த சிறிய அளவே உடம்பில் தேங்கி, மாத்திரை சாப்பிட்டது போன்ற விளைவைத் தரும். ஃபுளூட்டிகசோன், புடெசோனைடு இரண்டிலும் இந்த ஆபத்து உண்டு.

மூக்கில் அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், மூக்கில் ஆறாத புண் உள்ளவர்கள், காசநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள்.

அக்கா மகனின் பாட்டில்

இரண்டாவது தவறு அக்கா வீட்டில், ஸ்கூடாயில். அவள் மகனுக்கு அப்போது பதினான்கு வயது. கிளினிக்கில் கொடுத்த ஸ்பிரேயில் ஸ்டீராய்டு இருப்பதாக அம்மாதான் யாரிடமோ கேட்டுவந்து சொன்னார். அக்கா அன்றே அதைக் குப்பையில் போட்டுவிட்டு, கடையிலிருந்து வேறொரு ஸ்பிரே வாங்கி வந்தாள். "இதுல ஸ்டீராய்டே இல்லடி. அடிச்ச அஞ்சு நிமிஷத்துல மூக்கு திறந்துடுது" என்று எனக்குப் பெருமையாகப் போன் செய்தாள்.

அந்தப் பாட்டிலில் இருந்தது ஆக்ஸிமெட்டசொலின். இதுவும், இதன் தம்பியான சைலோமெட்டசொலினும், மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி உடனே அடைப்பைத் திறக்கும். சளிக்காய்ச்சலுக்கு மூன்று நாள் அடித்தால் நல்ல மருந்து. அதற்கு மேல் தொடர்ந்து அடித்தால், மருந்தின் வேகம் இறங்கியதும் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கும். அதைத் திறக்க மறுபடி அடிக்க வேண்டும். மறுபடி வீங்கும். கடனை அடைக்கக் கடன் வாங்குகிற கதை!

நான்கு மாதம் கழித்து நான் போனபோது, பையன் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அடித்துக்கொண்டிருந்தான். பள்ளிப் பையில் ஒரு பாட்டில், தலையணைக்கு அடியில் ஒரு பாட்டில். இரவெல்லாம் வாயைத் திறந்து மூச்சு விட்டுத் தூக்கமே இல்லை. வகுப்பில் தூங்கி விழுந்து வாத்தியாரிடம் திட்டு. "சித்தி, இது இல்லாம என்னால மூச்சே விட முடியல" என்று சொல்லும்போது அவன் கண் கலங்கியது. படிக்க மாட்டேங்கிறான் என்று வீட்டில் எல்லாரும் அவனைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவனை அதிலிருந்து மீட்க டாக்டர் கொடுத்தது எது தெரியுமா? அக்கா குப்பையில் போட்ட அதே ஸ்டீராய்டு ஸ்பிரேதான்! முதல் வாரம் மிகவும் கஷ்டப்பட்டான். மூன்றாவது வாரம் வாயை மூடிக்கொண்டு தூங்கினான். பழக்கமாகிவிடும் என்று நாம் பயப்படுவது ஸ்டீராய்டு ஸ்பிரேயைப் பார்த்து. உண்மையில் மூக்கைப் பழக்கப்படுத்தி அடிமையாக்குவது மற்றது.

அம்மா சாப்பிட்ட கேப்சூல்

மூன்றாவது கதையைச் சொல்ல எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

"ஸ்டீராய்டு உடம்பைக் கெடுத்துடும்" என்று எங்களுக்கெல்லாம் சொன்ன அம்மா, தன் தும்மலுக்கும் முழங்கால் வலிக்கும் வாரச் சந்தையில் ஒரு நாட்டு மருந்து வாங்கினார். "முழுக்க மூலிகை, பக்க விளைவே இல்லை" என்று விற்றவர் சொன்னாராம். சாப்பிட்ட மூன்றாம் நாளே தும்மல் நின்றது, கால் வலி போனது, பசி எடுத்தது. இரண்டு மாதத்தில் முகம் உப்பியது. தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாம் "அம்மா நல்லா சதை போட்டு பளபளன்னு இருக்காங்க" என்றார்கள். நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

சர்க்கரை ஏறி மயங்கி விழுந்த பிறகுதான் விழித்தோம். சாப்பிடும் எல்லா மருந்தையும் கொண்டு வரச் சொன்ன டாக்டர், அந்தக் கேப்சூல் பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தார். தயாரிப்பாளர் முகவரி இல்லை, பதிவு எண் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தார். இரத்தத்தில் உடம்பு தானாகச் சுரக்கும் கார்ட்டிசோல் மிகவும் இறங்கியிருந்தது. "இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கணும்மா" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. மருந்தளவுக்கு அடித்த 200 மைக்ரோகிராமுக்குப் பயந்து, எவ்வளவு என்றே தெரியாத ஸ்டீராய்டை இரண்டு மாதம் விழுங்கியிருக்கிறார்!

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கப்படும் பொருள்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இப்படிப்பட்டதைத் தெரியாமல் சாப்பிட்டவர்கள் பயந்து திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. வெளியிலிருந்து வருகிறதே என்று சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி வேலையை நிறுத்தியிருக்கும். சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே மருத்துவமனைக்குப் போய், அவர்கள் சொல்கிறபடி குறைக்க வேண்டும். அம்மாவுக்கு அப்படிக் குறைத்து முடிக்க மாதக் கணக்கில் ஆனது.

எனவே எந்த மருந்து வாங்கினாலும் பெட்டியில் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளோடு தொடங்கும் பதிவு எண்ணைத் தேடுங்கள். எட்டு இலக்கங்களுக்குப் பின் வரும் ஆங்கில எழுத்து உங்களுக்கு ஒரு செய்தி சொல்லும். 'ஏ' என்றால் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. 'எக்ஸ்' என்றால் கட்டுப்பாடில்லாமல் கடையில் வாங்கக் கூடியது. 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. 'என்' என்றால் ஊட்டச்சத்துப் பொருள். ஹோலோகிராம் முத்திரையும் இருக்க வேண்டும். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையான பதிவா என்று தெரியும். மருந்தால் கெட்ட விளைவு வந்தால் பொதுமக்களும் அங்கே புகார் செய்யலாம்.

அரங்கில் வந்த கேள்விகள்

தினமும் அடித்தால் பழக்கமாகிவிடுமா? நிறுத்தினால் மூக்கு முன்னைவிட மோசமாகுமா?

ஸ்டீராய்டு ஸ்பிரேக்கு அந்தப் பழக்கம் இல்லை. வழக்கமான அளவில் அடித்தவர்கள் நிறுத்தினால் அலர்ஜி பழைய நிலைக்குத் திரும்பலாம். அது நோய் திரும்புவது, மருந்துக்கு அடிமையானது அல்ல.

ஒரே ஊசியில் அலர்ஜி ஆறு மாதம் போய்விடும் என்கிறார்களே?

நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி உடம்பு முழுவதும் போகும். போட்ட பின் திரும்ப எடுக்க முடியாது. மூக்கு அலர்ஜிக்காக அதைத் திரும்பத் திரும்பப் போடுவதை நிபுணர்கள் ஏற்பதில்லை. சர்க்கரை நோயாளிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

மருந்தே இல்லாமல் சமாளிக்க முடியாதா?

மருந்தைக் குறைக்க முடியும். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். அறையில் கம்பளமும் துணி பொம்மையும் வேண்டாம். வீட்டுக்குள் சிகரெட் புகை, கொசுவத்திப் புகை வேண்டாம். சாம்பிராணியைக் கூட ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள். உப்பு நீரில் மூக்கைக் கழுவுங்கள்.

மூக்கில் இரத்தம் வந்தால் என்ன செய்வது?

உட்கார்ந்து முன்னால் குனிந்து, மூக்கின் மிருதுவான பகுதியைப் பத்து, பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். தலையைப் பின்னால் சாய்த்தால் இரத்தம் தொண்டைக்குள் போகும். இருபது நிமிடத்துக்கு மேல் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரே பக்கத்தில் மட்டும் அடைப்பும் இரத்தமும் வாரக் கணக்கில் தொடர்ந்தாலோ, கழுத்தில் கட்டி தெரிந்தாலோ, அலர்ஜி என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் காட்டுங்கள்.

முடிவாக...

அன்பர்களே, பக்க விளைவே இல்லாத மருந்து என்று எதுவும் இல்லை. அப்படிச் சொல்லி விற்கிறவரிடம்தான் முதலில் பயப்பட வேண்டும். அளவு எழுதி, பக்க விளைவையும் எழுதி, பதிவு எண்ணோடு வரும் மருந்தை நாம் கேள்வி கேட்டுப் பயன்படுத்தலாம், கண்காணிக்கலாம், வேண்டாம் என்றால் நிறுத்தலாம். பெயரும் அளவும் தெரியாத மருந்தை என்ன செய்ய முடியும்?

இன்று மாலை உங்கள் வீட்டில் மூக்கில் அடிக்கும் பாட்டில்களை எல்லாம் எடுத்து மேசையில் வையுங்கள். ஒவ்வொன்றின் பெயரையும் படியுங்கள். எது மூன்று நாளுக்கு மட்டும், எது தினமும் என்று பிரித்து எழுதி ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் அருகிலுள்ள மருந்தகத்திலோ அரசாங்க கிளினிக்கிலோ கேளுங்கள். "எப்படி அடிக்கணும், ஒரு தடவை காட்டுங்க" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். நான் அதைக் கேட்காததால்தான் ஒரு புடவை கறையானது. அக்கா கேட்காததால் ஒரு பையனுக்கு நான்கு மாதத் தூக்கம் போனது. அம்மா கேட்காததால் நாங்கள் அம்மாவையே இழந்திருப்போம்.

அம்மா இப்போது தினமும் காலையில் கையை மாற்றிப் பிடித்துத் தன் ஸ்பிரேயை அடிக்கிறார். அடித்து முடித்ததும், "பேரு படிச்சுட்டேன், எண்ணும் பாத்துட்டேன்" என்று எனக்குக் கேட்கும்படி சொல்கிறார். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் இந்த மன்றத்தில் இதைப் பேசியாக வேண்டும் என்று தோன்றியது. பேசிவிட்டேன். நீங்கள் உங்கள் வீட்டில் பேசுங்கள்.

அடுத்த வாரம் இன்னொரு தலைப்போடு சந்திப்போம்.